நாலாவது ப்ளக்

என் மச்சாளும் நானும் லொறி வாங்கியபோது, அதைப் பற்றி எங்களுக்குத் தெரிந்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: பின்னால் ஒரு மணவறை முழுதாக ஏறும்.

மச்சாள் என் கணவரின் அக்கா. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர், கந்தோர் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற கையோடு மற்றவர்களின் கல்யாணத்தில் இறங்கினார். மணவறை, குத்துவிளக்கு, நாற்காலி உறை, வாசல் தோரணம் எல்லாம் வாடகைக்கு விடும் தொழில். உறை தைக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். நானும் தையல் மெஷினோடு போனேன். கொஞ்ச நாளில் தைப்பது, கட்டுவது, கழற்றுவது, பெண்ணின் தாயாரைச் சமாதானப்படுத்துவது எல்லாம் என் வேலையாகிவிட்டது. லொறி ஓட்டுவது மச்சாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலில் வெள்ளைச் சப்பாத்து மாட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்தபடி ஓட்டுவார். சிக்னலில் பக்கத்து பஸ்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். மச்சாள் கை காட்டுவார்.

பெற்றோலில் ஓடும் பழைய சின்ன லொறி அது. எங்கள் ஒழுங்கைக்குள் சுவரில் உரசாமல் நுழையக்கூடிய லொறி அது ஒன்றுதான் என்பதால் வாங்கினோம். வாங்கும்போது சாம்பல் நிறம். இரண்டு பேருமாக ஒரு சனி ஞாயிறு முழுக்க நின்று மயில் நீலம் அடித்தோம். தூரிகையின் மயிர் இரண்டு மூன்று இன்னும் கதவில் ஒட்டியிருக்கிறது. அடித்து முடித்ததும் ஒழுங்கையின் அந்தத் தொங்கலுக்குப் போய் நின்று பார்த்தோம். மச்சாளுக்குக் கண் கலங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு இரண்டு பேருக்கும் இரண்டும் வந்தது.

முதல் தடவை அது நொண்டியது மருதானைப் பாலத்தில். காலை நேரம். கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மணவறை கொண்டுபோய்க்கொண்டிருந்தோம். பாலம் ஏறும்போது எஞ்சின் திடீரென்று ஒரு கால் இழுத்து நடக்கிறவரைப் போல தட்டித் தட்டி ஓடியது. பின்னால் வெள்ளைப் புகை. மச்சாள் ஓரமாக நிறுத்தினார். பாலத்தில் ஓரம் என்று எங்கே இருக்கிறது? கொழும்பில் உள்ள அத்தனை ஹோர்னும் எங்களுக்குப் பின்னால் அடித்தது.

ஒரு ஓட்டோக்காரர் இறங்கி வந்தார். எஞ்சின் சத்தத்தை ஒரு நிமிஷம்கூடக் கேட்டிருக்க மாட்டார். "அக்கே, எக ப்ளக் எகக் வெட நே," என்றார். ஒரு ப்ளக் வேலை செய்யவில்லையாம். எஞ்சின் ஓட ஓட ஒவ்வொரு ப்ளக்கின் வயரையும் துணி சுற்றிய கையால் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக் காட்டினார். ஒன்றைப் பிடுங்கினால் எஞ்சின் இன்னும் நொண்டியது. இரண்டு, மூன்று, அப்படியே. நாலாவதைப் பிடுங்கியபோது ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் வேலை செய்யாதது. கழற்றி எடுத்தார். நுனி முழுக்க ஈரம், கறுப்பு, ஒட்டிக்கொண்ட அழுக்கு. பற்றவைக்க வேண்டிய பொறி அந்த அழுக்கு வழியாகவே ஒழுகிப்போய்விடுமாம். மச்சாள் கைப்பையில் இருந்து நகம் ராவும் அரத்தை எடுத்துக் கொடுத்தார். ஓட்டோக்காரர் அதால் சுரண்டி, துடைத்து, திரும்பப் பூட்டினார். எஞ்சின் பாடத் தொடங்கியது.

நாங்கள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பெண்ணின் தகப்பன் வேட்டியோடு வீதிக்கே வந்து நின்றார். ப்ளக்கை வாங்கிப் பார்த்ததில் என் கை இரண்டும் கரி. அந்தக் கையோடு வெள்ளைப் பட்டுத் திரையைத் தொடாமல் மணவறை கட்டியது எப்படி என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. முழங்கையால் கட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். நாலு நாள் கழித்து மறுபடியும். அதே நாலாவது. புது ப்ளக் போட்டோம். ஐந்து நாள். மறுபடியும் நாலாவது. ஆவணி மாதம் வேறு. ஒரு முகூர்த்தத்துக்கும் அடுத்த முகூர்த்தத்துக்கும் இடையில் நாங்கள் ப்ளக் கழற்றினோம். நகச்சாயம் வைத்திருந்த டப்பாவில் இப்போது ப்ளக்குகள். பழைய பல்துலக்கி ஒன்று அதற்கென்றே லொறியில் கிடந்தது. நான் எழுபது விநாடியில் கழற்றிப் பூட்டப் பழகிவிட்டேன். மச்சாள் கைத்தொலைபேசியில் நேரம் பார்த்துக் கத்துவார். "கெதியா, கெதியா, போன தடவையைவிட இரண்டு செக்கன் கூட!" காலி வீதியில் போகிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நாங்கள் அவர்களைவிடக் கூடச் சிரித்தோம்.

ஆனாலும் எத்தனை நாளைக்குச் சிரிப்பது? கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் கராஜ் வைத்திருக்கும் நானாவிடம் போனோம்; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். அறுபது வயதைத் தாண்டிய மனிதர், வெள்ளைத் தொப்பி, மூக்கின் நுனியில் கண்ணாடி. பெற்றோல் எஞ்சின் என்றால் அவர்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் நாலு ப்ளக்கையும் கழற்றி ஒரு பத்திரிகைத் தாளில் வரிசையாக வைத்தார்.

"பாருங்கொ தங்கச்சி. இந்த மூணும் பிஸ்கட் நெறம். அப்பிடித்தான் ஈக்கோணும். இது மட்டும் ஈரம். கார்பரேட்டர்ல பெற்றோல் கூட வந்தா நாலும் கறுத்து ஈக்கும், அதுவும் காஞ்ச கரியா ஈக்கும். இது அது இல்ல. எங்கேயோ ஒயில் நாலாவதுக்குள்ள எறங்குது."

அவர் சொல்லச் சொல்ல மச்சாள் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். உண்மையைச் சொன்னால் எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரோ ஒருவருக்கு விஷயம் விளங்கியிருக்கிறது!

பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் ஒயில் மேலே ஏறும் என்று அமுக்கம் அளந்து பார்த்தார். நாலும் ஒரே அளவு. வால்வுக்கு மேலே இருக்கும் ரப்பர் போயிருக்கலாம் என்று அதை மாற்றினார். ஆறு நாள் நன்றாக ஓடியது. ஏழாம் நாள் பம்பலப்பிட்டியில் நொண்டியது. நாலாவது ப்ளக்கை முதலாவதுக்குப் போட்டு, முதலாவதை நாலாவதுக்குப் போட்டுப் பார்த்தார். முதலாவதில் அது சுத்தமாகியது; நாலாவதில் போட்ட நல்ல ப்ளக் கெட்டது. வயரை மாற்றினார். அதுவும் அப்படித்தான். வெள்ளைப் புகையைப் பார்த்து, தண்ணீர் உள்ளே போகிறதோ என்று ரேடியேட்டரில் ஒரு கோடு போட்டு வைத்தார். ஒரு கிழமையில் தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை.

நானாவுக்கு இது சொந்தப் பிரச்சினையாகிவிட்டது. எங்களைக் கண்டதும் சலாம் சொல்வதற்கு முதலே "நாலாவதா?" என்று கேட்பார். ஒருநாள் லொறியின் மூஞ்சிக்கு முன்னால் குந்தியிருந்து, "எனக்குச் செல்லேன், ஒனக்கு என்னதான் வேணும்?" என்று அதனிடமே கேட்டார். மச்சாள் சிரிப்பை அடக்க முடியாமல் கராஜை விட்டு வெளியே போய்விட்டார்.

விஷயம் வெளிவந்தது ஒரு பிளேன்டீயால்.

அன்று நானா நாலாவது ப்ளக்கைக் கழற்றி, கையில் துணி இல்லாததால், அதை லொறியின் மட்காட்டின் மேல் வைத்தார். எங்கள் மயில் நீலத்தின் மேல். அந்த நேரம் பிளேன்டீ வந்தது. நாங்கள் மூவரும் வாங்குப் பலகையில் இருந்து குடித்தோம். நானாவின் மனைவி அனுப்பியிருந்த வட்டிலப்பமும் ஆளுக்கு ஒரு துண்டு. அரை மணித்தியாலம் இருக்கும். எழுந்து போய் ப்ளக்கை எடுத்தால், அது வைத்திருந்த இடத்தில் பெயின்ற் சுருங்கிக் கிடந்தது. பாலில் ஆடை சுருங்குகிற மாதிரி. விரலால் தொட்டேன். உரிந்து வந்தது.

"ஐயோ என்ர நீலம்!" மச்சாள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் வெளியே வந்தார்.

நான் நகச்சாயம் அழிக்கும் திரவத்தைத்தான் நினைத்தேன். மேசையில் சிந்தினால் இப்படித்தான் உரியும். "நானா, எஞ்சின் ஒயில் பெயின்றை உரிக்குமோ?" என்று கேட்டேன்.

நானா ப்ளக்கை மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடியும் முகர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக மச்சாளைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்க பிரேக் ஒயில் ஊத்துறீங்களா?"

"ஓம். கிழமைக்கு ஒருக்கா. கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

மச்சாள் சீற்றுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு போத்தலை எடுத்தார். கால்வாசிதான் இருந்தது. "இது மூண்டாவது போத்தல்," என்றார், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் குரலில்.

நான் வாயைப் பிளந்தேன். "மச்சாள்! ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"நீ கேட்டனியே? ரேடியேட்டருக்குத் தண்ணி விடுற மாதிரி இதுக்கும் விடோணுமாக்கும் எண்டு நினைச்சன். எனக்கு ஆர் சொல்லித் தந்தது?"

நானா பக்கத்தில் கிடந்த டயரில் அப்படியே இருந்துவிட்டார். "அல்லாஹ்! நான் பாக்குற நேரமெல்லாம் பிரேக் ஒயில் நெறைஞ்சு ஈந்திச்சு. நான் நெனச்சன், அது சரி எண்டு. நீங்க நெறச்சுத்தானே கொண்டுவந்தீக்கிறீங்க!"

பிறகு அவர் எங்களுக்கு விளக்கினார். பிரேக்கை மிதிக்கும்போது காலுக்குப் பலம் கொடுக்க ஒரு வட்டமான இரும்புப் பெட்டி இருக்கிறது. எஞ்சின் காற்றை இழுக்கும் இழுப்பில்தான் அது வேலை செய்கிறது. அதற்காக அந்தப் பெட்டியில் இருந்து ஒரு ரப்பர் குழாய் எஞ்சினுக்குப் போகிறது. விரலை அந்தக் குழாயின் மேல் வைத்து, அது போகும் வழியே இழுத்துக்கொண்டு போனார். நாங்கள் இருவரும் அவருக்கு இரு பக்கமும் குனிந்து பார்த்தோம். விரல் வளைந்தது, திரும்பியது, கடைசியில் ஓரிடத்தில் நின்றது. நாலாவது சிலிண்டருக்குக் காற்று போகும் வாயின் மேல்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். என்ன கத்தினோம் என்று நினைவில்லை. நானா சிங்களத்தில் கத்தினார் என்று நினைக்கிறேன்.

குழாயைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தார். சொட்டுச் சொட்டாக பிரேக் ஒயில் ஒழுகியது. பெட்டியின் வாயில் இருக்கும் ரப்பர் தேய்ந்து, பிரேக் ஒயில் அதற்குள் கசிந்து, அங்கிருந்து எஞ்சின் அதை உறிஞ்சி நாலாவது சிலிண்டரில் எரித்திருக்கிறது. வெள்ளைப் புகை அதுதான். எரியாமல் மிஞ்சியது ப்ளக்கில் ஒட்டியிருக்கிறது. வெளியே ஒரு சொட்டும் ஒழுகாததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"மிதிக்கிற நேரம் கடினமா ஈந்திச்சா?" என்று நானா கேட்டார்.

"ஓம் நானா. என்ர முழங்கால்தான் பழுதாப் போட்டுது எண்டு டொக்டரிட்டைப் போனனான். அவர் குளுசை தந்தவர். நானும் போட்டனான்."

இதைக் கேட்டதும் எனக்கு வந்த சிரிப்பு நிற்கவில்லை. வாங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மச்சாளும் சிரித்தார். நானா மட்டும் சிரிக்கவில்லை.

"தங்கச்சி, ஒரு கிழமை ஊத்த மறந்தீந்தா?"

சிரிப்பு நின்றது. மருதானைப் பாலத்தில் இருந்து இறங்கும் சரிவு என் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆட்கள், பஸ், பள்ளிக்கூடப் பிள்ளைகள். மச்சாள் என் கையைப் பிடித்தார். அந்த நாலாவது ப்ளக் எங்களைக் கரைச்சல்படுத்தவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அது ஒரு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

ஒன்றை உறுதிப்படுத்த வேண்டும் என்றார் நானா. குழாய் போகும் வாயை அடைத்து, புது ப்ளக் போட்டு, லொறியை நின்ற இடத்திலேயே ஒரு மணித்தியாலம் ஓடவிட்டார். முதலில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்தது. பிறகு அது மெலிந்து, நின்றே போனது. கழற்றிப் பார்த்தோம். ப்ளக் காய்ந்து, சுத்தமாக இருந்தது. நானா அதை முத்தமிடவில்லை, ஆனால் முத்தமிடும் தூரம் வரை கொண்டுபோனார்.

பிரேக்கைத் திருத்தி முடிக்கும் வரை லொறி கராஜை விட்டு அசையக் கூடாது என்று சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நல்ல முடிவுதான். ஆனால் மறுநாள் காலையில் கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாணம். மணவறை வெள்ளவத்தையில், எங்கள் வீட்டில். வேறு லொறி கேட்டு எங்கே போனாலும் ஆவணியில் யாரிடம் லொறி சும்மா நிற்கிறது?

"ஓட்டோ," என்றார் மச்சாள்.

"எத்தினை ஓட்டோ மச்சாள்?"

"எத்தினை தேவையோ அத்தினை."

ஒன்பது தேவைப்பட்டது. எங்கள் சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். நாலு தூண்கள் நாலு ஓட்டோவில், இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு. மேல் வளைவின் இரண்டு பாதிகள் இரண்டு ஓட்டோவின் கூரையில், செட்டை விரித்த மாதிரி. நாற்காலி உறைகளோடு மச்சாள் ஒன்றில், கழுத்து வரை புதைந்து. குத்துவிளக்குகளை மடியில் வைத்துக்கொண்டு நான் ஒன்றில். மணவறையின் இரண்டு பக்கமும் வைக்கும் கடதாசிக் கூழ் யானைகள் இரண்டும் கடைசி ஓட்டோவின் பின் சீற்றில், பயணிகளைப் போலச் சாய்ந்து இருந்தன. அந்த ஓட்டோக்காரர் அவற்றுக்குக் குறுக்கே தன் மாற்றுச் சாரத்தைக் கட்டிப் பத்திரப்படுத்தியிருந்தார்.

காலி வீதியில் வரிசையாகப் போனோம். ஒருவர் ஹோர்ன் அடிக்க, ஒன்பது பேரும் அடித்தார்கள். பஸ்ஸில் இருந்து பிள்ளைகள் யானைகளுக்குக் கை காட்டினார்கள். கொள்ளுப்பிட்டிச் சந்தியில் பொலிஸ்காரர் கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். அவர் ஓட்டோ ஓட்டோவாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்து, "மேக காகெ பெரஹெரத?" என்றார். இது யாருடைய பெரஹெர, எந்தக் கோயில் ஊர்வலம்?

உறைகளுக்குள் இருந்து மச்சாளின் தலை மட்டும் வெளியே வந்தது. "மங்கள கெதரகட்ட, சேர்!" கல்யாண வீட்டுக்கு, சேர்.

அவர் எல்லா வாகனங்களையும் நிறுத்தி எங்களை விட்டார். கடைசி ஓட்டோ அவரைக் கடக்கும்போது நான் திரும்பிப் பார்த்தேன். யானைகளுக்குச் சல்யூட் அடித்தார்.

மணவறை நேரத்துக்கு எழுந்தது. பெண்ணின் தாயார் பிறகு எங்களைக் கூப்பிட்டு, அந்த ஊர்வலம் தனக்கு மிகவும் பிடித்திருந்தது, அடுத்த மகளுக்கும் அதே மாதிரி செய்து தர முடியுமா என்று கேட்டார்.

திங்கட்கிழமை நானா பெட்டியைப் பிரித்தார். ரப்பர் புதிதாகப் போடலாம். ஆனால் உள்ளே இரும்பும் துருப்பிடித்துக் குழிந்திருந்தது. அதே மாதிரிப் பெட்டி ஒன்று வேண்டும். மருதானையில் உதிரிப்பாகக் கடைகள் எல்லாம் ஏறி இறங்கினோம். இல்லை. கடைசியில் ஒருவர், ஒருகொடவத்தையில் ஒரு யார்டில் இதே மாதிரி லொறி ஒன்று செத்துக் கிடக்கிறது என்றார். போனோம். கொள்கலன்களுக்குப் பின்னால், புல்லுக்குள், எங்கள் லொறியின் உடன்பிறப்பு நின்றது. அதற்குள் கோழிகள் குடியிருந்தன. யார்டுக்காரர் எங்கள் சேலைகளையும் கையில் இருந்த ஸ்பானர்களையும் மாறி மாறிப் பார்த்து, நீங்கள் இரண்டு பேரும் மெக்கானிக்கா என்று சிங்களத்தில் கேட்டார்.

மச்சாள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "ஓவ், அய்யே," என்றார். ஓம், அண்ணா.

அப்படிச் சொன்ன பிறகு கழற்றாமல் வர முடியுமா? நானாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தோம். அவர் கராஜில் இருந்து கத்தக் கத்த, நான் லொறிக்குள் தலைகீழாகக் கிடந்து நாலு நட்டையும் கழற்றினேன். ஒரு கோழி முழு நேரமும் என் முதுகில் நின்றது. பெட்டி கையோடு வந்தபோது யார்டுக்காரரும் அவருடைய இரண்டு வேலைக்காரர்களும் கை தட்டினார்கள். உள்ளே இரும்பு கண்ணாடி மாதிரி இருந்தது. போகும்போது யார்டுக்காரர் நாலு முட்டையும் தந்துவிட்டார்.

அன்று பின்னேரமே நானா புது ரப்பர்கள் போட்டு, அதைப் பூட்டி, பிரேக் குழாய்களில் இருந்த காற்றை எல்லாம் வெளியேற்றி, சாவியைச் சட்டைப் பையில் இருந்து எடுத்தார். தானும் வருவேன் என்றார். மூன்று பேரும் முன் சீற்றில் நெருக்கி இருந்தோம். கராஜ் ஒழுங்கையின் முனையில் மச்சாள் வழக்கம்போல, தன் பலத்தை எல்லாம் போட்டு பிரேக்கை மிதித்தார். லொறி அறைந்தாற்போல நின்றது. நானாவின் தொப்பி பறந்து முன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. என் மடியில் இருந்த முட்டைகளில் இரண்டு உடைந்தன.

"மெதுவா தங்கச்சி, மெதுவா! இப்ப பிரேக் ஈக்கி!"

ஒரு கிழமை விட்டுப் பார்த்தோம். பத்து நாள் விட்டுப் பார்த்தோம். பதினோராம் நாள் ஆவல் தாங்காமல், காலையில் வெள்ளவத்தைக் கடற்கரை வீதியில் லொறியை நிறுத்தி, நாலாவது ப்ளக்கைக் கழற்றினேன். பக்கத்தில் ரயில் போய்க்கொண்டிருந்தது. உப்புக் காற்றில் மச்சாளின் சேலைத் தலைப்பு என் முகத்தில் அடித்தது.

பிஸ்கட் நிறம்.

மச்சாள் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவ்வளவு வடிவு, பாரடி," என்றார். நான் படம் எடுத்து நானாவுக்கு அனுப்பினேன். அவரிடம் இருந்து சொல் ஒன்றும் வரவில்லை. இருபது முப்பது பூக்களும் ஒரு ஒட்டகமும் வந்தன. ஒட்டகம் கை தவறி வந்ததாக இருக்கும்.

ப்ளக்கைப் பூட்டினேன். அன்று எங்களுக்குக் கல்யாணம் ஒன்றும் இல்லை, பின்னால் லொறி வெறுமை. வடைக்காரரிடம் இறால் வடை இரண்டு வாங்கிக்கொண்டு ஏறினோம்.

"எங்கையடி போவம்?" என்று மச்சாள் கேட்டார்.

"தெகிவளை மட்டும் போயிட்டு வருவம்."

"காணாது, இன்னும் தூரம் போவம்," என்றார் மச்சாள். "மொறட்டுவை."

போனோம்.